காணொலியில் மன்றக் கூட்டம்: எந்த விதி யாருக்கு?

ஒரு உள்ளாட்சி மன்றத்தில் சில காலம் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு இருந்தது. ஒரு காணொலிக் கூட்டத்தில் தீர்மானம் ஒன்று வாக்குக்கு வந்தது. கை தூக்கச் சொன்னார்கள், எண்ணினேன். ஒரு உறுப்பினரின் கை மட்டும் தூக்கியபடியே நின்றது. தலைவர் கையை இறக்கச் சொன்ன பிறகும் இறங்கவில்லை. அவருடைய படம் உறைந்து போயிருந்தது. அந்தக் கை இந்தத் தீர்மானத்துக்காகத் தூக்கியதா, இதற்கு முந்தியதற்குத் தூக்கியதா என்று யாருக்கும் தெரியவில்லை. விதிகளில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை. ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியதாக எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

2020இல் பல நாடுகளில் உள்ளாட்சி மன்றங்கள் சில வாரங்களுக்குள் திரைக்கு மாறின. அன்று விதி எழுத நேரமில்லை, கூட்டம் நடந்தால் போதும் என்ற நிலை. அந்த அவசரம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்த நாளின் ஏற்பாட்டை அப்படியே பழக்கமாக்கிக்கொண்ட மன்றங்கள் உண்டு. வேண்டவே வேண்டாம் என்று அத்தனையையும் தூக்கிப் போட்ட மன்றங்களும் உண்டு. இரண்டுமே யோசித்து எடுத்த முடிவாக எனக்குப் படவில்லை. ஒரு மன்றம் நிதானமாக உட்கார்ந்து விதி எழுதுவதானால், எடுத்துப் பார்க்க நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. கலிபோர்னியா, டெக்ஸாஸ், இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய நான்கும் நான்கு திசையில் போயிருக்கின்றன.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

"காணொலியில் கூட்டம் நடத்தலாமா, கூடாதா?" என்றுதான் விவாதம் வழக்கமாகத் தொடங்கும். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உறுப்பினர் வேறோர் இடத்திலிருந்து கலந்துகொண்டு வாக்களிக்கலாமா என்பது ஒன்று. பொதுமக்கள் தாங்கள் இருக்கும் இடத்திலிருந்தே பார்த்து, கேட்டு, பேசலாமா என்பது மற்றொன்று.

உறுப்பினர் கையில் அதிகாரம் இருக்கிறது. வரியை உயர்த்துவதும், ஒப்பந்தத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் அவருடைய வாக்கு. அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், எதிர்த்தரப்பு பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, இல்லை வேறு வேலை பார்க்கிறாரா என்பதெல்லாம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. அதனால் அவருக்கு நிபந்தனை போடுவதில் நியாயம் இருக்கிறது. பொதுமக்களோ அந்த அதிகாரத்தைக் கண்காணிக்க வருகிறவர்கள். இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், மன்றம் கூடும் இடத்திலிருந்து வெகுதூரத்தில் வசிப்பவர் ஆகியோரிடம் "ஏன் நேரில் வரவில்லை?" என்று கேட்க மன்றத்துக்கு உரிமை இல்லை.

ஆகவே இரண்டு கதவு, இரண்டு விதி. ஒரே விதியில் இரண்டையும் அடைத்தால், உறுப்பினருக்குக் கொடுக்கும் சலுகை மக்களுக்கு எதிராகத் திரும்பும். அல்லது உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் வரி மக்களையும் வெளியே தள்ளும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கதவையும் தனித்தனியாக வைத்துத்தான் பார்க்கிறேன்.

எல்லோரும் நேரில்

இங்கிலாந்து இந்த இடத்துக்கு விரும்பி வந்து சேரவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறைகள் மன்றங்கள் காணொலியில் கூட அனுமதித்தன. ஆனால் அந்த அனுமதி 2021 மே 7க்கு முன் நடக்கும் கூட்டங்களுக்கு மட்டும்தான். நாள் நெருங்கியபோது ஹார்ட்ஃபோர்ட்ஷயர் கவுண்டி மன்றமும் உள்ளாட்சி அலுவலர்களின் இரண்டு அமைப்புகளும் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் உள்ள "கூட்டத்தில் கலந்துகொள்ளுதல்" என்ற சொற்கள் திரை வழியாக வருவதையும் உள்ளடக்கும் என்று அறிவிக்கக் கேட்டன. 2021 ஏப்ரல் 28இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் சட்டம் சொல்லும் கூட்டம் ஓர் இடத்தில் உடலால் கூடுவதுதான், மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும் என்றது. அத்தோடு வாக்களிக்கும் உறுப்பினர்கள் எல்லோரும் மீண்டும் அறைக்குள் வர வேண்டியதாயிற்று.

விதி எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. "வருகை" என்ற சொல்லுக்கு உங்கள் சட்டமோ விதியோ என்ன பொருள் கொடுக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பழைய சட்டம் திரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது அனுமதி ஆகிவிடாது. மேலே உள்ள சட்டம் இடம் கொடுக்காதபோது மன்றம் தானாக ஒரு தீர்மானம் போட்டுக் காணொலியில் கூடினால், பிறகு அங்கே எடுத்த முடிவுகள் எல்லாமே கேள்விக்குள்ளாகும்.

நேரில் கூடுவதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு தெருவே திரண்டு வந்து அறையின் பின்வரிசைகளில் உட்கார்ந்திருக்கும்போது உறுப்பினர்கள் பேசும் விதமே மாறும். ஒலி அடைக்கப்பட்ட நாற்பது பெயர்களின் பட்டியலுக்கு அந்தக் கனம் வராது. எதிரெதிர் அணியினர் இடைவேளையில் பக்கத்தில் நின்று பேசி ஒரு திருத்தத்துக்கு ஒத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். திரையில் இடைவேளை என்றால் ஆளாளுக்குக் கேமராவை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆனால் "எல்லோரும் நேரில்" என்ற விதி யார் உறுப்பினராக முடியும் என்பதையே தீர்மானித்துவிடுகிறது. சிறு குழந்தைகளின் தாய், நீண்ட சிகிச்சையில் இருப்பவர், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோர் முதலிலேயே போட்டியிடத் தயங்குவார்கள். பரப்பில் பெரிய மன்றங்களில் ஒரு கூட்டத்துக்குப் போய்வரவே அரை நாள் ஆகிவிடும். இங்கிலாந்து அரசு 2024 அக்டோபரில் தொலைவிலிருந்து கலந்துகொள்வது பற்றிக் கருத்துக் கேட்கத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு.

முழுக்கத் திரையில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறையே இல்லாமல், தலைவர் முதல் பார்வையாளர் வரை எல்லோரும் திரையில் என்பது பேரிடர் காலத்துக்கான வழி. வெள்ளம், தொற்றுநோய், கட்டடத்தில் தீ என்று வரும்போது இது இல்லாவிட்டால் மன்றமே முடங்கிப்போகும். சாதாரண நாளில் இதை வைத்துக்கொண்டால், இணையமோ நல்ல கைபேசியோ இல்லாதவருக்குப் போய் நிற்க ஓர் இடம்கூட இருக்காது.

இதை எப்படிக் கட்டிவைப்பது என்பதற்குக் கலிபோர்னியா தன் திறந்த கூட்டச் சட்டத்தில் 2021 செப்டம்பரில் கொண்டுவந்த திருத்தம் நல்ல மாதிரி. மாநில நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருக்கும்போது மட்டும் தளர்வு. அதிலும் 30 நாளுக்கு ஒருமுறை மன்றம் நிலைமையை மறுபடி ஆராய்ந்து, தளர்வு இன்னும் தேவைதான் என்று வாக்களித்துப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தளர்வு போய்விடும். அந்தத் திருத்தத்துக்கே 2024 ஜனவரி 1 என்று முடிவு நாள் வைத்திருந்தார்கள். அவசர விதி எதை எழுதினாலும் அது தானாகக் காலாவதியாகும்படி எழுதுங்கள். நீக்குவதற்கு ஒரு வாக்கு வேண்டும் என்று எழுதினால் அது நீங்கவே நீங்காது.

கோரம் அறையில், மற்றவர் திரையில்

பெரும்பாலான மன்றங்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழி இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, அதாவது கோரம், ஓர் அறையில் நேரில் இருக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளவர்கள் திரையில் வரலாம். ஆனால் இதற்குள்ளேயே இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. டெக்ஸாஸ் கேட்பது இணைப்பின் தரத்தை. கலிபோர்னியா கேட்பது உறுப்பினரின் காரணத்தை.

டெக்ஸாஸ் திறந்த கூட்டச் சட்டம், உறுப்பினர் ஏன் வரவில்லை என்று பெரிதாகக் கேட்பதில்லை. நகர மன்றம் போன்ற ஓர் அமைப்பு காணொலியில் கூட வேண்டுமானால் கோரம் ஓர் இடத்தில் இருக்க வேண்டும், அந்த இடம் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மாவட்டங்களில் பரவிய அமைப்பாக இருந்தால் மட்டும் கூட்டத்தை நடத்துபவர் அங்கே இருந்தால் போதும். அப்புறம் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பேசுபவரின் குரல் கேட்க வேண்டும் என்பதோடு நிற்காமல், அவருடைய முகபாவனையையும் நடத்தையையும் மக்கள் கவனிக்கும் அளவுக்குப் படமும் ஒலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஓர் உறுப்பினரின் படமோ ஒலியோ துண்டிக்கப்பட்டால், துண்டிக்கப்பட்ட அந்த நேரம் முழுவதும் அவர் வராதவராகவே கருதப்படுவார். அவர் இல்லாமலும் கோரம் இருந்தால்தான் கூட்டம் தொடரலாம். பொது இடத்தில் இருக்கும் மக்களுக்குக் கூட்டம் தெரியாமல், கேட்காமல் போனால் கூட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் சரியாகாவிட்டால் கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டும்.

இதைப் படித்த அன்று எனக்கு அந்த உறைந்துபோன கைதான் நினைவுக்கு வந்தது. இப்படி ஒரு வரி எங்களிடம் இருந்திருந்தால் வாதமே இல்லை.

கலிபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டமான பிரவுன் சட்டம் 1953இல் வந்தது. மக்களின் வேலையை மக்கள் முன்னிலையில் செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. தொலைவிலிருந்து கலந்துகொள்வதற்கு அதில் ஒரு பழைய வழி உண்டு, அது மிகக் கண்டிப்பானது. உறுப்பினர் எங்கிருந்து இணைகிறாரோ அந்த இடமும் கூட்டம் நடக்கும் இடம்தான். அதன் முகவரி நிகழ்ச்சி நிரலில் இருக்க வேண்டும். அந்த இடத்திலும் நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும். மக்கள் உள்ளே வரவும், அங்கிருந்து மன்றத்திடம் பேசவும் வழி இருக்க வேண்டும். உறுப்பினர் ஹோட்டல் அறையிலிருந்து இணைந்தால் அந்த அறைக் கதவையும் திறந்துவைக்க வேண்டியதுதான். காகிதத்தில் இது நேர்மையான விதி. ஆனால் நோயாளி ஒருவர் தன் படுக்கையறையை ஊருக்குத் திறந்துவிட வேண்டும் என்பது மனிதத்தன்மை இல்லாத விதியும்கூட.

அதனால்தான் 2023 தொடக்கத்தில் புதிய வழி ஒன்று நடைமுறைக்கு வந்தது. கோரம் ஒரே அறையில் இருக்க வேண்டும், அந்த அறை மன்றத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து இணையும் உறுப்பினர் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். குழந்தையையோ பெற்றோரையோ துணையையோ கவனிக்க வேண்டிய நிலை, தொற்றும் நோய், உடல் அல்லது மனக் குறைபாடு சார்ந்த தேவை, மன்ற வேலையாகவே பயணம் ஆகியவை அதில் அடங்கும். படமும் ஒலியும் இரண்டும் இருக்க வேண்டும், குரல் மட்டும் போதாது. முடிவு எடுப்பதற்கு முன் தன் அறையில் 18 வயதோ அதற்கு மேலோ ஆன யாராவது இருந்தால், அவருக்கும் தனக்கும் என்ன உறவு என்பதைப் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். இப்படி இணைவதற்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு. 2024இல் அதைத் திருத்தி எளிதாக்கினார்கள்: மாதம் ஒருமுறை கூடும் மன்றத்தில் ஆண்டுக்கு இரண்டு கூட்டம், மாதம் இருமுறை கூடினால் ஐந்து, மூன்று முறையோ அதற்கு மேலோ கூடினால் ஏழு.

இந்த இரண்டில் எது மேல்? வெகுநாள் யோசித்த பிறகு என் சாய்வு டெக்ஸாஸ் பக்கம். காரணம் கேட்கும் விதி உறுப்பினரின் உடம்பைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் சபையில் பேச வைக்கிறது. யாருடைய காரணம் உண்மை, யாருடையது சாக்கு என்று சக உறுப்பினர்கள் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். சிறுபான்மை அணியில் இருப்பவருக்கு அந்த முணுமுணுப்பு வாக்கையே இழக்கும் அளவுக்குப் போகலாம். தரம் கேட்கும் விதியிலோ அளவுகோல் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. முகம் தெரிகிறது அல்லது தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் கலிபோர்னியாவிடமிருந்து இரண்டு வரிகளை நான் கட்டாயம் கடன் வாங்குவேன். ஒன்று, அறையில் வேறு யார் இருக்கிறார் என்று சொல்லும் வரி. மற்றொன்று, ஆண்டு வரம்பு. வரம்பே இல்லாவிட்டால், வெளியூரில் குடியேறிவிட்ட ஒருவர் பதவிக்காலம் முழுவதும் ஒரு சதுரப் படமாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

ஆனால் மாற்றுத்திறனாளி உறுப்பினருக்கு அந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தக் கூடாது. கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2024இல் ஒரு கருத்துரை தந்தது. கூட்டத்துக்கு நேரில் வர முடியாத குறைபாடுள்ள உறுப்பினர், தான் இருக்கும் இடத்தை மக்களுக்குத் திறக்காமலேயே தொலைவிலிருந்து கலந்துகொள்வதை, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படியான நியாயமான வசதியாக ஏற்கலாம் என்றது. இதை விதியிலேயே எழுதிவைத்தால், அந்த உறுப்பினர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கெஞ்ச வேண்டியதில்லை.

தொலைவிலிருந்து வருவது உரிமை

வேல்ஸ் வேறு பாதையில் போனது. அங்கே 2021இல் வந்த உள்ளாட்சி மற்றும் தேர்தல் சட்டம், உறுப்பினர்கள் ஒரே இடத்தில் இல்லாமலும் கலந்துகொள்ள மன்றங்கள் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் திரை மூடிக்கொண்ட அதே மாதத்தில், பக்கத்திலேயே இருக்கும் வேல்ஸில் அது நிரந்தரமாகத் திறந்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டும், நேரலையாக ஒளிபரப்ப வேண்டிய கூட்டமென்றால் ஒருவரையொருவர் பார்க்கவும் முடிய வேண்டும் என்பவைதான் சட்டம் போடும் முக்கிய நிபந்தனைகள். காரணமும் கேட்பதில்லை, வரம்பும் இல்லை.

மலைப்பாங்கான, பரந்த பகுதிகளுக்கு இது மிகப் பொருத்தம். உறுப்பினராக வரக்கூடியவர்களின் வட்டம் விரியும். என் தயக்கம் ஒன்றுதான். தொலைவிலிருந்து வருவது உரிமையாகிவிட்டால் அறை மெல்ல மெல்லக் காலியாகும். பேருந்து பிடித்து வந்து நிற்கும் ஒரு மனுதாரருக்கு முன்னால் தலைவரும் எழுத்தரும் மட்டும் இருந்தால், அவர் யாரிடம் பேசுவார்? இந்த வழியை எடுக்கும் மன்றம், வரிவிதிப்பு, வரவுசெலவுத் திட்டம், தலைவர் தேர்வு ஆகிய கூட்டங்களுக்காவது நேரில் வருவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

மக்களின் கதவு

இப்போது இரண்டாவது கேள்வி. உறுப்பினருக்கு எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், மக்கள் தொலைவிலிருந்து பார்ப்பதும் பேசுவதும் அதைப் பொறுத்து இருக்கக் கூடாது. எல்லா உறுப்பினர்களும் அறையில் இருக்கும் கூட்டத்துக்கும் இந்தக் கதவு திறந்திருக்கட்டும்.

நேரலை மட்டும் போதும் என்று பல மன்றங்கள் நினைக்கின்றன. நேரலை என்பது ஜன்னல், அதன் வழியாகப் பார்க்கலாம், உள்ளே வர முடியாது. பேசும் வாய்ப்பு வேண்டும். அதிலும் சாதாரணத் தொலைபேசி எண் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் இணையம் இல்லாத முதியவரும் எண்ணைச் சுழற்றிப் பேசிவிடுவார். இங்கே ஒரு சின்ன நுணுக்கம் பலரைக் காலை வாரிவிடும். நேரலை, உண்மைக் கூட்டத்தைவிடப் பல வினாடிகள் தாமதமாகத்தான் ஓடும். நேரலையைப் பார்த்துக்கொண்டே தன் முறைக்காகக் காத்திருப்பவர், தன் பெயர் கூப்பிடப்பட்டதைக் கேட்பதற்குள் அடுத்தவரிடம் போயிருப்பார்கள். பெயரை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, பட்டியலின் கடைசியில் இன்னொரு முறையும் கூப்பிட வேண்டும் என்று விதியில் எழுதினால் இந்தச் சிக்கல் தீரும்.

இந்தக் கதவுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணம் அத்துமீறல். அது கற்பனை இல்லை. 2020 மார்ச்சிலேயே அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, காணொலிக் கூட்டங்களுக்குள் அந்நியர்கள் புகுந்து ஆபாசமும் வெறுப்பும் பரப்புவது பற்றி எச்சரித்தது. 2023இல் கலிபோர்னியாவில் பல நகர மன்றக் கூட்டங்களில், வெளியாட்கள் கருத்து நேரத்தில் தொலைவிலிருந்து இணைந்து யூத வெறுப்புப் பேச்சுகளைத் தொடர்ந்து பேசினார்கள். சில மன்றங்கள் தொலைவிலிருந்து கருத்துச் சொல்லும் வசதியையே நிறுத்திவிட்டன. அந்தப் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அத்துமீறியவர்கள் அந்த ஊர்க்காரர்களே இல்லாதபோது, தண்டனை மட்டும் ஊர்க்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பதிலாக, பேசுபவரின் படம் திரையில் வராமல் குரலை மட்டும் விடலாம். கூட்டப் பொருளோடு சம்பந்தமில்லாத பேச்சைப் பொதுக்கருத்து நேரத்தின் கடைசிக்குத் தள்ளலாம். பேச்சு எல்லை மீறினால் ஒரு முறை எச்சரித்துவிட்டு ஒலியை நிறுத்த தலைவருக்கு அதிகாரம் தரலாம், நிறுத்திய காரணத்தைக் குறிப்பில் எழுதச் சொல்லலாம். இத்தனையும் செய்து பார்த்த பிறகுதான் கதவை மூடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கலிபோர்னியா சட்டமன்றமும் கடைசியில் கதவைத் திறந்துவைக்கும் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2025இல் கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் பெரிய நகர மன்றங்கள் இருவழித் தொலைபேசி அல்லது காணொலி வசதியை மக்களுக்குத் தந்தே ஆக வேண்டும் என்கிறது.

மக்களின் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கலிபோர்னியா இதற்கு அருமையான விடை தந்தது. ஒளிபரப்போ, மக்கள் பேசும் இணைப்போ நின்றுபோனால், அது சரியாகும்வரை மன்றம் நிகழ்ச்சி நிரலில் உள்ள எதிலும் முடிவெடுக்கக் கூடாது. உறுப்பினரின் இணைப்பு போனால் அவர் வராதவர், கூட்டம் நடக்கலாம். மக்களின் இணைப்பு போனால் கூட்டமே நிற்க வேண்டும். இந்த வரியை எழுத மன்றங்கள் தயங்கும், ஏனென்றால் பழுது தங்கள் பக்கத்தில் இருந்தால் வேலை நிற்கும். நிற்கட்டும். அந்தப் பயம் இருந்தால்தான் நல்ல கருவிகளை வாங்குவார்கள், கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே சோதித்துப் பார்ப்பார்கள்.

பொத்தான் யார் கையில்?

இங்கிலாந்தின் செஷயரில் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூர் மன்றத்தின் கூட்டம் ஒன்று 2020 டிசம்பரில் ஜூமில் நடந்தது. அதன் காட்சி 2021 பிப்ரவரியில் பரவியபோது பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவருக்கும் கூட்டத்தை நடத்தித்தர வந்த அதிகாரிக்கும் இடையே யாருக்கு அதிகாரம் என்பதில் சண்டை மூண்டது. அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தித் தலைவரைக் கூட்டத்துக்கு வெளியே காத்திருப்பு அறைக்கு அனுப்பிவிட்டார். அவர் செய்தது நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. அறையில் ஓர் உறுப்பினரை வெளியேற்ற வேண்டுமானால் எச்சரிக்கை, தீர்மானம், வாக்கு என்று படிகள் இருக்கின்றன. திரையில் ஒரு விரல் போதும்.

அதனால் விதியில் இதைப் பச்சையாக எழுத வேண்டும்: கட்டுப்பாட்டுப் பொத்தான் எழுத்தரிடம் இருக்கட்டும். ஆனால் அதை அவர் தானாக அழுத்தக் கூடாது, தலைவரின் உத்தரவையோ மன்றத்தின் வாக்கையோ செயல்படுத்துவதற்கு மட்டுமே அழுத்தலாம். உறுப்பினர் ஒருவரின் ஒலியை நிறுத்துவதற்கும் வெளியேற்றுவதற்கும் நேரில் என்ன நடைமுறையோ அதுவே திரையிலும். தலைவரின் இணைப்பே போய்விட்டால் துணைத்தலைவர் தொடர்வதற்கும் ஒரு வரி வேண்டும். காணொலி மென்பொருளின் அரட்டைப் பெட்டியில் உறுப்பினர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதைத் தடை செய்யுங்கள். அது அறையில் காதுக்குள் குசுகுசுப்பதைவிட மோசம், ஏனென்றால் அது நடப்பதே யாருக்கும் தெரியாது.

மூடிய அமர்வுகளுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். வழக்கு, பணியாளர் நடவடிக்கை போன்றவற்றை ரகசியமாகப் பேசும்போது, தொலைவில் இருப்பவர் அறையில் வேறு யாருமில்லை என்று சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. என்னைக் கேட்டால், தனிநபரின் வேலை போகக்கூடிய விஷயத்தில் திரை வேண்டாம்.

நான் எழுதினால்

சாதாரண நகர, சிற்றூர் மன்றத்துக்கு: கோரம் அறையில், மீதிப் பேர் தரமான படமும் ஒலியும் இருந்தால் திரையில், காரணம் கேட்க வேண்டாம், ஆண்டு வரம்பு வேண்டும், மாற்றுத்திறனாளி உறுப்பினருக்கு வரம்பு வேண்டாம். பரப்பில் மிகப் பெரிய, ஆள் குறைந்த பகுதி மன்றத்துக்கு வேல்ஸ் வழி. ஆலோசனை மட்டும் சொல்லும், வாக்கால் யாரையும் கட்டுப்படுத்தாத குழுக்களுக்கு முழுக்கத் திரையிலேயே நடத்தினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே அதிகாரம் இல்லை, கூட்டம் நடப்பதுதான் முக்கியம். மூன்றிலும் மக்களின் கதவு ஒன்றே: தொலைபேசியும் காணொலியும், நேரில் வருகிறவருக்குச் சமமான பேச்சு நேரமும்.

விதியை நிறைவேற்றுவதற்கு முன் மக்களிடம் கேட்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 2022இல் வந்த சட்டம், பொது விசாரணை நடத்திய பிறகே உள்ளாட்சி அமைப்பு உறுப்பினர்கள் காணொலியில் இணையும் முறைக்கு மாற முடியும் என்கிறது. அந்த விசாரணையைத் தொலைவிலிருந்தும் கலந்துகொள்ளும்படி நடத்துங்கள், யாருக்காக எழுதுகிறோமோ அவர்கள் வரட்டும்.

வாக்கு பற்றிய பகுதியை மட்டும் நான் சொல்லுக்குச் சொல் இப்படி எழுதுவேன்: "ஒரு உறுப்பினராவது தொலைவிலிருந்து கலந்துகொள்ளும் கூட்டத்தில் எல்லா வாக்குகளும் பெயர் அழைத்து, வாய்மொழியாகப் பெறப்படும். பெயர் அழைக்கப்படும்போது உறுப்பினரின் படமும் ஒலியும் இணைப்பில் இருக்க வேண்டும். இல்லையெனில் ஐந்து நிமிடம் காத்திருந்து மீண்டும் ஒருமுறை அழைக்கப்படும். அப்போதும் இணைப்பு இல்லையெனில் அவர் அந்த வாக்கெடுப்புக்கு வராதவராகப் பதியப்படுவார். எழுத்தர் நேரத்தைக் குறிப்பார்."

அன்று இது இருந்திருந்தால் நான் பெயரை அழைத்திருப்பேன், ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி அழைத்திருப்பேன், நேரத்தைக் குறித்துக்கொண்டு "வரவில்லை" என்று எழுதியிருப்பேன். வாக்குகள் சமமாக நின்று தீர்மானம் விழுந்திருக்கும். அடுத்த கூட்டத்தில் அது மறுபடி வந்திருக்கும். அந்த உறுப்பினர் என்ன நினைத்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதியிருப்பேன்.